சிவப்புக் கோடு வரைக்கும்

ஜூலை 3, வியாழன்

முப்பதாம் நாள் காரியம் நேற்றோடு முடிந்தது. இன்று அடுப்பைப் பற்ற வைத்தேன்.

இந்த டைரி என் மகள் சங்கரேஸ்வரியுடையது. நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. தினமும் எத்தனை பார்சல் போனது என்று இதில் எழுதுவாள். மே இருபத்தி நாலோடு நிற்கிறது. அன்றைக்குத்தான் காய்ச்சல் ஆரம்பித்தது. ஒன்பது நாள். அவ்வளவுதான். அவள் எழுதிய தாள்களை எல்லாம் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன். ஜூன் முழுக்க வெறும் தாள். நான் ஜூலையில் இருந்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் இருக்கட்டும், படிக்கப்போவதும் நான்தான்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபத்தி இரண்டு வருஷம் தள்ளுவண்டியில் காராச்சேவு விற்றேன். அதை மூணு வருஷத்துக்கு முன்னால் சங்கரி போன் வழியாக விற்க ஆரம்பித்தாள். "சங்கரி சேவு" என்று பேர். நான் போடுவேன், அவள் அனுப்புவாள். கோயம்புத்தூர், ஓசூர், டெல்லிக்குக்கூடப் போகும்.

வேலைமுறை எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். கோடு வரைக்கும் சேவை அள்ளி, கவரில் கொட்டி, சூடு வைத்து ஒட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து டேப் சுற்றணும். ஒரு பாக்கெட்டுக்கு நானூறு கிராம் என்று கவரிலேயே அச்சடித்திருக்கிறது. பெட்டி, டேப் எல்லாம் சேர்த்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. ஒரு கிராம் தாண்டினாலும் கூரியரில் ஒரு கிலோவுக்கு உள்ள கூலியைப் போட்டுவிடுவார்கள். சேவில் கிடைக்கிறது அதிலேயே போய்விடும். தராசில் முதல் நம்பர் அஞ்சு வந்தால் தப்பு, நாலு வந்தால் சரி. அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்.

ஆறு பாக்கெட் போட்டேன். ஆறும் கோடு வரைக்கும்தான். கை போடவில்லை.

ஜூலை 5, சனி

கூரியர் ஆபீசில் சபுரா இருந்தாள். சங்கரியைவிடப் பத்து வயது மூத்தவள், ஆனால் ரெண்டு பேரும் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சங்கரியின் போனை வாங்கி ஆர்டரை எல்லாம் பார்த்து, சீட்டு அச்சடித்துக் கொடுத்தாள். போனில் எல்லாம் இங்கிலீசு.

சீட்டில் "அனுப்புபவர்: சங்கரேஸ்வரி" என்று வருகிறது. "பேரை மாத்தணுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தராசில் வைத்தாள். 458. "என்னக்கா, முன்னாடி எல்லாம் 488, 490 வரும். இப்ப நல்லா எளைச்சிருக்கு" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னபடி கேட்டால் எப்படிக் குறைகிறது பார். இதை அவள் இருக்கும்போதே செய்திருக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

மூட்டம். சேவு நமுத்துவிட்டது. எதுவும் அனுப்பவில்லை.

ஜூலை 10, வியாழன்

அட்டைப்பெட்டி தீர்ந்துபோனது. சிவகாசியில் சொல்லி அடிக்கணும், ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம், ஒரு வாரம் ஆகுமாம். மருந்துக்கடையில் நல்ல கெட்டிப் பெட்டி சும்மாவே கொடுத்தார்கள். கொஞ்சம் பெரிசு. உள்ளே செய்தித்தாளைக் கசக்கி வைத்து அடைத்தேன். ஆடாமல் நின்றது. நாலு பார்சல். தராசில் நாலில்தான் ஆரம்பித்தது.

வேலம்மா வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த வீடு. அவர் போய்விட்டார், இப்போது எனக்கு இருக்கிற ஒரே துணை, ஒரே தொந்தரவு. "பிள்ளையே போயாச்சு, இனிமே யாருக்காக மதினி இந்த அனல்ல வேகுறீங்க?" என்றாள். கேட்டுக்கொண்டே ஒரு கிண்ணம் சேவைத் தின்று முடித்தாள்.

யாருக்காக என்று அவளிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இங்கே எழுதுகிறேன். ரேஷன் கார்டில் இருந்து சங்கரி பேரை எடுக்கணும் என்கிறார்கள். பேங்கில் எடுத்தாயிற்று. கூரியர் சீட்டில் மட்டும் ஒரு நாளைக்கு ஆறு தடவை, பத்து தடவை அவள் பேர் அச்சாகிறது. இந்தக் கடை நின்றால் அவள் பேரை எழுதுவதற்கு ஒரு ஆளும் இருக்காது.

ஜூலை 12, சனி

அந்த நாலு பார்சலுக்கும் ரெண்டு கிலோ கூலி பிடித்துவிட்டார்கள். சபுராவிடம் சண்டைக்கே போனேன்.

"தராசுல நீயே பார்த்தியே, நாலுலதானே நின்னுச்சு?"

"எடை சரிதான்கா. பெட்டி பெரிசுல்ல? நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி ஐயாயிரத்தால வகுப்பாங்க. அதுல எது கூட வருதோ அதுக்குத்தான் கூலி. லாரில எடத்த அடைக்குதுல்ல?"

"உள்ள வெறும் தாளுதானே வெச்சேன்?"

"காலி எடத்துக்கும் எடை உண்டுக்கா."

அது எனக்குத் தெரியாதா.

சங்கரி அளவு டேப்பை வைத்துக்கொண்டு பத்து நாள் பெட்டியை அளந்து அளந்து பார்த்ததை நான் கேலி செய்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குச் சட்டையா தைக்கிறே என்று. இருபதுக்குப் பன்னிரண்டுக்குப் பத்து சென்டிமீட்டர். இப்போது எனக்கும் மனப்பாடம்.

ஜூலை 14, திங்கள்

சிவகாசிப் பெட்டி வந்துவிட்டது. ஒன்பது பார்சல். எல்லாம் 457, 458, 460.

சபுரா போனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஓசூரில் யாரோ எழுதியிருக்கிறார்களாம். ருசி நன்றாக இருக்கிறது, ஆனால் எடை குறைகிறது, ஒரு ஸ்டார்.

நான் நம்பவில்லை. வேறே ஏதோ கடைக்கு எழுதினது தப்பி வந்திருக்கும்.

ஜூலை 16, புதன்

தப்பி வரவில்லை. இன்னொன்றும் வந்திருக்கிறது. சேலம். "நானூறு என்று போட்டு 370 அனுப்புகிறார்கள், ஏமாற்று வேலை."

அதோடு ஒரு நோட்டீசும். பதினைந்து நாளைக்குள் இந்தப் புகார் எல்லாம் சரியாகவில்லை என்றால் போனில் இருக்கிற எங்கள் கடைப் பக்கத்தை மூடிவிடுவார்களாம். சபுரா ரெண்டு தடவை படித்துக் காட்டினாள்.

இருபத்தி இரண்டு வருஷம் வண்டி தள்ளினேன். குறைத்துக் கொடுத்தாள் என்று ஒருத்தர் சொன்னதில்லை. கூடப் போட்டுக் கொடுத்ததற்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

நேற்று எழுதினதைப் படித்துப் பார்த்தேன். கடைசி வரியை எழுதின பிறகு மீதியையும் எழுதிவிடணும். வாயால் யாரிடமும் சொல்ல முடியாது.

வண்டியில் விற்கும்போது பொட்டலம் கட்டின பிறகு ஒரு கை அள்ளி மேலே போடுவேன். கொசுறு. கேட்டுப் போடுவதில்லை, கை தானாகப் போகும். போன் வியாபாரத்திலும் அப்படித்தான் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஊரில் யாரோ ஒரு ஆள் கவரைப் பிரிக்கிறார், அவருக்கு ஒரு கை. அதனால் எடை ஐந்நூறைத் தாண்டி, கூலி ரெட்டிப்பாகி, பொங்கலுக்கு முந்தின மாசம் கைக்காசு போட்டுக் கட்டும்படி ஆனது. சங்கரி அழுதாள். "கொசுறு வாங்கினவனுக்கு அது கொசுறுன்னே தெரியாதும்மா. கூரியர்காரனுக்குத்தான் தெரியும்" என்றாள்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். இனிமேல் கை போட மாட்டேன் என்று.

மறுநாளே போட்டேன்.

கவர்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். ஒட்டுவதற்கு முன்னால் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். அப்போது மளமளவென்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கை. அவள் திரும்பி வரும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அதற்கப்புறம் அவள் கூலியைப் பற்றிச் சத்தமே போடவில்லை. கூலி குறைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நாலு மாசம் தினமும் இப்படி.

பிள்ளை தலையில் அடித்த சத்தியம். நாலு மாசத்தில் பிள்ளையே இல்லை.

அத்தனை தண்ணீர் குடித்தாளே, அதுவே ஒரு நோவோ என்று அப்போது தோன்றவில்லையே. திருட்டுக் கைக்கு நேரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேனே.

ஜூலை 19, சனி

கோயம்புத்தூரில் இருந்து போன். சபாபதி என்று பேர், நகைப் பட்டறை வைத்திருக்கிறாராம். மாசாமாசம் வாங்குகிறவர்.

"ஏனுங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை வந்தது முன்னூத்தி எழுவத்தொண்ணு தானுங்க இருக்குது. நம்ம தராசுல குந்துமணி கூடத் தப்பாதுங்க. அதான் கோவத்துல ஒரு புகார் எழுதிப் போட்டேன்."

"எங்க சேவையா நகைத் தராசுல வெச்சீங்க?"

"வேற தராசு இல்லீங்களே. வாங்கற எல்லாத்தையும் வெச்சுப் பாக்கறது ஒரு புத்தி, விடுங்க. ஆனா முன்னெல்லாம் டாண்ணு நானூறு, நானூத்தி ஒண்ணு இருக்குமுங்க. அந்தப் பொண்ணு கணக்குல சுத்தம். அது இல்லீங்களா?"

"வெளிய போயிருக்கு" என்றேன்.

"வந்தாச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

சொல்லுவேன்.

ஜூலை 21, திங்கள்

இன்று சபுராவைப் புண்படுத்திவிட்டேன். வேலம்மாதான் தூபம் போட்டாள், "வழியில கூரியர்காரன் பிரிச்சுத் திங்கிறான் மதினி" என்று. அதை அப்படியே போய்க் கேட்டுவிட்டேன்.

சபுரா பேனாவைக் கீழே வைத்தாள். "சீல் உடையாம எப்படிக்கா திம்போம்? ஊசி போட்டு உறிஞ்சியா?"

ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போனில் பழைய கணக்கை எடுத்துக் காட்டினாள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. 488, 489, 487, 490. பிறகு ஜூலை. 458, 457, 460. "இங்க வர்றப்பவே முப்பது கிராம் கொறைஞ்சுதான் வருது. எங்க ஆளு தின்னா இங்க இருந்து போன பெறகுதானே கொறையணும்?"

"நான் கோட்டை விட்டு ஒரு இழை நகரலடி. அவ போட்ட கோடு."

"டப்பாவ எடுத்துட்டு வாங்க."

வெயிலில் வீட்டுக்கு நடந்து, டப்பாவையும் சேவையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். சபுரா வெறும் டப்பாவை வைத்துத் தராசைப் பூஜ்யம் ஆக்கினாள். நான் கோடு வரைக்கும் கொட்டினேன்.

370.

மறுபடியும் கொட்டினோம். 371. மறுபடியும். 369.

சபுரா தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சங்கரி கோட்டத் தப்பாப் போட்ருச்சோ என்னமோக்கா" என்றாள், ரொம்பப் பதமாக.

சங்கரி தப்பாகப் போட மாட்டாள். பெட்டிக்குப் பத்து நாள் அளவெடுத்தவள்.

ஜூலை 22, செவ்வாய்

வேலம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"அட, நம்ம பிள்ள கெட்டிக்காரிதான். பாக்கெட்டுக்கு முப்பது கிராம் மிச்சம்னா மாசத்துக்கு என்ன ஆச்சு! அதான் கூலி கட்டுபடியாச்சு போல" என்றாள். அவள் புகழ்ந்துதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எந்திரிச்சுப் போ" என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கிண்ணத்தில் பாதிச் சேவு இருந்தது. அவள் மிச்சம் வைத்ததும் இதுதான் முதல் தடவை.

என் பிள்ளை ஊரை ஏமாற்றினாளா? நானூறு என்று அச்சடித்துவிட்டு முன்னூற்றி எழுபதுக்குக் கோடு போட்டாளா? அப்படியென்றால் கோயம்புத்தூர்க்காரர் தராசில் எப்படி நானூறு காட்டியது? யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. செத்தவளைத் திருடி என்று எழுதினால் நான் யாரிடம் போய் இல்லை என்று சொல்வேன்?

இன்று எதுவும் போடவில்லை. மாவு அப்படியே இருக்கிறது.

ஜூலை 23, புதன்

காலையில் ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.

அவள் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஊர்ப் பேர்களும் எண்களுமாக இருந்தது. பொங்கல் நாள் தாள் வந்தது. அதை அப்படியே இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"ஜனவரி 16. அம்மா என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருச்சு. இனிமே கொசுறு கிடையாதாம். பாப்போம்.

ஜனவரி 17. எட்டு பார்சல். எட்டும் 518. சத்தியம் ஒரு நாள் கூடத் தாங்கல.

ஜனவரி 21. நான் தண்ணி குடிக்கப் போறப்பதான் போடுது. வேணும்னே அஞ்சு தடவை போய்க் குடிச்சுப் பார்த்தேன். அம்மா கை: 29, 31, 30, 30, 30. தராசு தோத்துச்சு.

ஜனவரி 22. கோட்ட இறக்கியாச்சு. டப்பா 370. அம்மா கை 30. மொத்தம் 400. அதுகிட்ட சொல்லக் கூடாது. சொன்னா வெட்கப்பட்டு நிறுத்திரும். நான் எந்திரிச்சுப் போனாத்தான் போடும். இனிமே தினமும் தண்ணி குடிக்கணும்."

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

டப்பாவை வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, நகத்தால் சுரண்டின தடம் ஒன்று வளையமாக ஓடுகிறது. சிவப்பு ஒரு புள்ளி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு மாசமாகத் தினமும் இந்த டப்பாவைக் கழுவுகிறேன்.

என் சத்தியத்தை அவள் ஒரு வாரம் கூட நம்பவில்லை. உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சத்தமாகத்தான் சிரித்திருப்பேன் போல. கோபித்துக்கொண்டு போன வேலம்மா ஓடி வந்தாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாளாம். டைரியை அவளிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தவள், தண்ணீர் என்ற இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளையத் தப்பாச் சொல்லிட்டனே மதினி."

"நானும்தான்" என்றேன். நேற்று இங்கே எழுதினதைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஜூலை 24, வியாழன்

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். எடை எதனால் குறைந்தது என்று முழுவதும் சொன்னேன். பிறகு, "அந்தப் பொண்ணு வெளிய போகலங்க. ஜூன் ரெண்டாம் தேதி தவறிப்போச்சு" என்றேன். இதுவரை நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் வேலம்மாதான் சொன்னாள்.

அந்தப் பக்கம் பட்டறையில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"அப்ப இத்தன நாளா நான் நிறுத்துப் பாத்தது உங்க கையைத்தானுங்களா" என்றார்.

எழுதின புகாரை எடுத்துவிடுகிறேன் என்றார். குறைந்த முப்பது கிராமைத் தனியாக அனுப்புகிறேன் என்று சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றார்.

சபுராவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கேட்க விடவில்லை. டைரியை வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவி வந்தாள். "என்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லலியே கள்ளி" என்றாள். பிறகு வேலையைப் பார்த்தாள். முப்பது கிராம் அனுப்பினாலும் அரைக் கிலோ கூலிதானாம். அதனால் ஓசூருக்கும் சேலத்துக்கும் முழுப் பாக்கெட்டே அனுப்பச் சொன்னாள். மற்றவர்களுக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். 488க்கும் ஐந்நூறுக்கும் நடுவில் பத்து கிராம் சும்மா கிடக்கிறதே. அடுத்தடுத்து வாங்கும்போது பத்து பத்தாக மூணு தடவையில் போட்டுத் தீர்த்துவிடலாம்.

"அப்படியே சங்கரி மூளைக்கா" என்றாள் சபுரா.

ஜூலை 28, திங்கள்

ஓசூரும் சேலமும் புகாரை எடுத்துவிட்டார்கள். கடைப் பக்கத்தை மூட மாட்டோம் என்று வந்திருக்கிறதாம். சபுரா ஓடி வந்து சொன்னாள்.

பத்து பார்சல். சிவப்புக் கோடு வரைக்கும் அள்ளிக் கொட்டினேன். பத்து கவரும் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன.

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கொஞ்சம் மெதுவாகவே குடித்தேன். திரும்பி வந்து கை போட்டேன்.